மூன்று உருளையும் ஒரு பெல்ட்டும்: சைக்கிள் ரோலர் பற்றி

வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்க உதவும் சைக்கிள் ரோலரில் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள எதுவுமே கிடையாது. ஓர் உலோகச் சட்டம், அதில் மூன்று உருளைகள். பின் சக்கரத்துக்கு அடியில் இரண்டு, முன் சக்கரத்துக்கு அடியில் ஒன்று. பின்னால் இருக்கும் ஜோடியில் முன்பக்கத்து உருளையையும், முன் சக்கரத்து உருளையையும் ஒரு பெல்ட் இணைக்கிறது. கருவி அவ்வளவுதான். பின் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் டிரெய்னரில் வருடக்கணக்கில் மிதித்துவிட்டு இதற்கு வந்தவன் நான். இப்போது இரண்டும் வீட்டில் இருக்கின்றன, எதை எதற்கு எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு தெளிவும் வந்துவிட்டது. ரோலர் கால்களைப் பலப்படுத்தும் கருவி இல்லை. இடுப்புக்கு மேலே இருக்கும் உடம்பை அடக்கமாக வைத்திருக்கப் பழக்கும் கருவி. டிரெய்னருக்கு மலிவான மாற்று என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் கொஞ்ச நாளில் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள்.

முதலில் அந்தப் பெல்ட். மிதிப்பது பின் சக்கரத்தைத்தானே, முன் சக்கரம் சும்மா நின்றால் என்ன என்று தோன்றும். ஆனால் சைக்கிள் விழாமல் இருப்பதன் சூட்சுமம் முன் சக்கரத்தில் இருக்கிறது. சாலையில் இடப்பக்கம் சாய ஆரம்பித்தால் நாம் அறியாமலே ஹேண்டில்பார் துளி இடப்பக்கம் திரும்புகிறது. உருண்டுகொண்டிருக்கும் சக்கரம் உடம்புக்கு அடியில் வந்து சேர்ந்து நம்மை நிமிர்த்திவிடுகிறது. சக்கரம் உருண்டால்தான் இது நடக்கும். ரோலரில் பெல்ட்டைக் கழற்றிவிட்டால் முன் சக்கரம் நின்றுவிடும். அப்புறம் ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்பினாலும் சக்கரம் இருந்த இடத்திலேயே முறுக்கிக்கொண்டு நிற்கும். சாய்ந்தது சாய்ந்ததுதான். பெல்ட் மாட்டும்போது 8 போலக் குறுக்கே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முன் உருளை எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பித்துவிடும்.

அடுத்து, முன் உருளையின் இடம். பெட்டியோடு வரும் காகிதத்தில் இதற்கு ஒரே ஒரு படம்தான் போட்டிருப்பார்கள். ஆனால் ரோலரில் பயந்து இறங்கியவர்களில் பாதிப் பேருக்கு இங்கேதான் கோளாறு என்பது என் கணிப்பு. சட்டத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும், சைக்கிளின் நீளத்துக்குத் தகுந்தபடி முன் உருளையை நகர்த்திப் பொருத்தலாம். பின் சக்கரத்தை இரண்டு உருளைகளுக்கும் நடுவில் உட்கார வைத்துவிட்டு, ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டி முன் சக்கரத்து ஹப்பின் நடுவில் இருந்து தொங்கவிடுங்கள். நூல் உருளையின் அச்சுக்கு நேர் மேலேயோ, அதைவிட ஒன்றிரண்டு செ.மீ. பின்னாலோ விழ வேண்டும். அச்சைத் தாண்டி முன்னால் விழுந்தால், ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சக்கரம் உருளையைத் தாண்டி இறங்கிவிடுமோ என்ற பயம் அடிவயிற்றில் இருந்துகொண்டே இருக்கும். ஒரு துளை நகர்த்திப் போட்டால் அதே ரோலர் வேறு ரோலராகிவிடும்.

ஏறுவதற்குக் கதவு நிலைதான் சிறந்த இடம். வாசலின் குறுக்கே ரோலரைப் போட்டால் இரண்டு பக்கமும் தோளுக்கு அருகில் மரச்சட்டம் இருக்கும், கையோ தோளோ உடனே ஊன்றிக்கொள்ளலாம். சாயவும் இடம் குறைவு. சைக்கிளை ஏற்றும் முன்பே நடுத்தரத்தைவிடச் சற்றுக் கனமான கியருக்கு மாற்றிவிடுங்கள். லேசான கியரில் கால் வேகமாகச் சுற்றும், உடம்பு குதிக்கும், சக்கரமோ மெதுவாகத்தான் ஓடும். மெதுவாக ஓடும் சக்கரம்தான் இங்கே எதிரி. நிமிரத் தேவையான அளவு முன் சக்கரம் பக்கவாட்டில் நகர, வேகம் குறையக் குறைய ஹேண்டில்பாரை அதிகம் திருப்ப வேண்டியிருக்கும். பழகாதவர் பயத்தில் மெதுவாக மிதிப்பார், மெதுவாக மிதிப்பதால் ஆட்டம் கூடும், ஆட்டம் கூடியதும் பயம் இன்னும் ஏறும். இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி, நிலையைப் பிடித்த கையை எடுக்காமலேயே நன்றாக வேகம் பிடித்துக்கொள்வது. வேகம் வந்த பிறகு அந்தக் கை ஒரு விரலாகக் குறையும், பின்பு விரலும் தானாகவே விலகும்.

பார்வை எங்கே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். முன் சக்கரத்தைப் பார்த்தால் கதை முடிந்தது. சக்கரம் ஒரு செ.மீ. நகர்ந்ததைக் கண் பார்க்கும், கை அதைத் திருத்தும், திருத்தியது அதிகமாகிவிடும், மறுபக்கம் போகும். ஒன்றிரண்டு மீட்டர் தள்ளித் தரையிலோ எதிர்ச் சுவரிலோ ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டால் கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொள்ளும். ஹேண்டில்பாரை இறுகப் பிடிப்பதும் அதே கெடுதலைத்தான் செய்கிறது. தோளில் இருக்கும் இறுக்கமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது.

சரி, விழுந்தால்? ரோலரில் இருந்து சைக்கிள் சீறிப் பாய்ந்து எதிர்ச் சுவரில் மோதும் என்று பலர் நம்புகிறார்கள். மீட்டரில் 35 கி.மீ. வேகம் காட்டுகிறதே என்ற கணக்கு. ஆனால் அந்த வேகம் சக்கரங்களுக்கும் உருளைகளுக்கும் மட்டும்தான் இருக்கிறது. நம் உடம்பும் சைக்கிளின் மீதி பாகங்களும் அறையைப் பொறுத்தவரை அசையாமல் நிற்கின்றன. சக்கரத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சொற்பம். தரையைத் தொட்டதும் கீச்சென்று ஒரு சத்தம், சின்ன உதறல், அதோடு நின்றுவிடும். உண்மையான ஆபத்து பக்கவாட்டில் விழுவதில் இருக்கிறது, அதுவும் ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொண்டு விழுந்தால். அந்தப் பக்கம் மேசை முனை, கண்ணாடிக் கதவு எதுவும் இருக்கக் கூடாது. ஆரம்பத்தில் பூட்டாத சாதாரணப் பெடலே போதும், சங்கடமில்லை.

இதன் மறுபக்கமாக இன்னொன்று வருகிறது. உந்தம் இல்லாததால் மிதிப்பதை நிறுத்திய உடனே சக்கரம் வேகமாக அடங்கிவிடும். சாலையில் மாதிரி நாலு சுற்று மிதித்துவிட்டு ஓய்வெடுக்கும் சொகுசு இல்லை. ஒரு மணி நேரம் ரோலரில் இருந்தால் ஒரு மணி நேரமும் கால் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் நேரக் கணக்கில் குறைவாகத் தெரிந்தாலும் இறங்கும்போது நல்ல வேலை செய்த உணர்வு இருக்கிறது. உருளைக்குள் ஃபிளைவீல் என்ற, சுழற்சியை விடாமல் தக்கவைக்கும் கனமான சக்கரம் வைத்த வகைகளும் உண்டு, அவற்றில் சக்கரம் சற்று நேரம் உருளும். என்னுடையது அப்படி இல்லை.

இப்போது குறைக்கு வருகிறேன். இது சின்னக் குறையில்லை. தடை போதாது. ரோலரில் கால் எதிர்கொள்ளும் தடையில் பெரும்பகுதி டயர் உருளையின் மேல் நசுங்கி நிமிர்வதால் வருகிறது. உருளை சிறியதாக இருந்தால் டயர் அதிகம் நசுங்கும், தடை கூடும். அமெரிக்கக் கம்பெனியான க்ரைட்லரின் உருளைகள் 4.5, 3, 2.25 அங்குலம் என்று வெவ்வேறு விட்டங்களில் வருவதற்குக் காரணம் இதுதான். 4.5 அங்குல உருளையில் வெண்ணெய் மாதிரி ஓடும், 2.25இல் தொடை எரியும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தாலும் தடை ஏறும், செலவில்லாத வழி. எலைட் கம்பெனியின் அரியோன் ரோலரில் மேக் என்ற வகையில் காந்தத் தடையை மூன்று படிகளில் வைக்கலாம். க்ரைட்லர், உருளையோடு சேர்ந்து சுற்றும் ஒரு காற்றாடியையே துணைக்கருவியாகத் தருகிறது. வேகம் கூடக் கூட அது அதிகக் காற்றைத் தள்ள வேண்டியிருப்பதால் தடையும் ஏறுகிறது, அந்தக் காற்று மிதிப்பவர் மேலேயே வீசவும் செய்யும். யோசித்தவரைப் பாராட்ட வேண்டும்.

காந்தமும் காற்றாடியும் இல்லாத வெறும் ரோலரில் வேகக் காட்டி ஒரு பெரிய பொய்யன். சாலையில் காற்றை வெல்லத் தேவைப்படும் பவர் வேகத்தின் மும்மடியில் ஏறும். 20 கி.மீ. வேகத்தில் இருந்து 40க்குப் போக, காற்றுக்கு மட்டும் 8 மடங்கு பவர் வேண்டும். ரோலரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு போதும். அதனால் சாலையில் 40ஐ எட்டவே திணறுகிறவர் இங்கே அதைத் தாண்டிச் சாவகாசமாக மிதிப்பார். என் ரோலரில் கடைசி கியரில் வைத்துக் கேடன்ஸை, அதாவது நிமிடத்துக்குக் கால் சுற்றும் எண்ணிக்கையை, 100க்கு மேல் கொண்டுபோனாலும் பவர் மீட்டர் ஒரு நடுத்தர உழைப்பைத்தான் காட்டுகிறது. ஏற்றத்தில் இருபது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பது போன்ற பயிற்சிக்கு இதில் வழியே இல்லை. அதற்குத் தடையைத் தானே மாற்றிக்கொள்ளும் ஸ்மார்ட் டிரெய்னர்தான். பவரை நிர்ணயித்துவிட்டால் அது பிடித்த பிடியை விடாது, விழும் பயமும் இல்லை. களைத்துப்போன நிலையில் உயிரைக் கொடுத்து மிதிக்கும்போது சமநிலையையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பது எந்தப் பயிற்சிக்கும் உதவாது.

சீட்டில் இருந்து எழுந்து நின்று மிதிப்பதும் கடினம். சாலையில் எழுந்து நின்று அழுத்தும்போது சைக்கிள் நமக்கு அடியில் முன்னும் பின்னும் துளித் துளியாக நகர்கிறது. அதற்கு அங்கே இடம் இருக்கிறது, நம் கவனத்துக்கே வருவதில்லை. ரோலரில் அந்த நகர்வுக்கு இடமில்லாமல் முன் சக்கரம் உருளையை மோதி இடிக்கிறது. இதற்குத்தான் மிதக்கும் சட்டம் கண்டுபிடித்தார்கள். இன்சைட்ரைடின் ஈ-மோஷனில் உருளைகள் இருக்கும் உள்சட்டம் முன்னும் பின்னும் தாராளமாக நகரும். டாக்ஸ் கேலக்ஸியாவில் ஊஞ்சல் அமைப்பு அதே வேலையைச் செய்கிறது. அப்படிப்பட்டதில் எழுந்து நின்றும் மிதிக்கலாம், ஸ்பிரின்ட்கூட முயலலாம். சாதாரணச் சட்டத்தில் பழகியவர்கள் எழுந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கியர் கனமாக்கி, பெடல் கீழே போகும் நொடியில் மெல்ல எழுகிறார்கள். எனக்கு இன்னும் நாலைந்து சுற்றுக்கு மேல் கைவரவில்லை, அதில் பெரிய வருத்தமும் இல்லை.

அப்படியானால் எதற்கு வைத்திருக்கிறேன்? முன் உருளையின் நடுவில் ஒரு கையகல இடைவெளி விட்டு இரண்டு பக்கமும் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன். அந்த இடைவெளிக்குள் முன் டயர் இருக்க வேண்டும் என்பதுதான் என் பயிற்சி. ஒரு முழங்கால் வெளியே போய் வந்தால் டயர் டேப்பின் பக்கம் ஒதுங்கும். தோள் ஒவ்வொரு மிதிக்கும் ஆடினால், டயர் ஊசி போட்டுத் தைப்பது போல இடமும் வலமும் போய்வரும். அடியில் இருந்து வரும் சத்தத்திலேயே தெரியும்: ஒரே சீராக உம்மென்று ஓடினால் மிதி சீராக இருக்கிறது, ஊம்-ஊம் என்று அலை அலையாக வந்தால் ஒவ்வொரு பெடலையும் தனித்தனியாகக் குத்திக்கொண்டிருக்கிறோம். எந்தப் பயிற்சியாளரும் இவ்வளவு விடாமல் குறை சொல்ல மாட்டார்.

அடுத்த கட்டம் தண்ணீர்க் குப்பி. வலக்கையை எடுப்பதற்கு முன் இடக்கையை ஹேண்டில்பாரின் நடுவுக்கு, தண்டுக்குப் பக்கத்தில் நகர்த்த வேண்டும். ஓரத்தில் ஒற்றைக் கையை ஊன்றினால் எடை ஒரு பக்கம் இழுக்கும். பிறகு குனியாமல், பார்வையை இறக்காமல், கையை மட்டும் கீழே அனுப்பிக் குப்பியைத் தேட வேண்டும். எடுப்பது சுலபம், திரும்ப வைப்பதுதான் கஷ்டம். கூண்டின் வாய் தட்டுப்படும் வரை அவசரப்படாமல் இருக்கத் தெரிந்தால் சாலையில் கூட்டத்துக்கு நடுவில் தண்ணீர் குடிப்பது ஒன்றுமே இல்லை. குழுவாகப் போகும்போது எனக்கு முன்னால் ஓட்டியவர்கள் முன்பு அடிக்கடி திரும்பிப் பார்ப்பார்கள், இப்போது அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அதை ரோலரின் கணக்கில்தான் எழுதுகிறேன்.

விளம்பரங்களில் சொல்லும் ஒரு விஷயத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. ரோலர் வட்டமாக மிதிக்கக் கற்றுத்தரும், பெடலை மேலே இழுக்கும் கலை வரும், அதனால் ஆற்றல் மிச்சமாகும் என்பார்கள். வேண்டுமென்றே மேலே இழுத்து மிதிப்பதால் ஆற்றல் மிச்சமாவதில்லை, சில நேரம் கூடுதலாகவே செலவாகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அழுத்தும் காலில்தான் வேலை. மேலே வரும் கால் குறுக்கே நிற்காமல் வழிவிட்டாலே போதும். ரோலர் சரிசெய்வது வீணான துள்ளலையும் ஆட்டத்தையும். கேடன்ஸ் 110ஐத் தாண்டும்போது இடுப்பு சீட்டில் குதிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள், அதற்கு இது கைகண்ட மருந்து.

வெலோட்ரோம் என்ற சைக்கிள் பந்தயத் தடத்தில் ஓட்டும் வீரர்கள் போட்டிக்கு முன் ரோலரில் சுற்றிக்கொண்டிருப்பதும் இதனால்தான். தடை குறைவு, கால் வேகம் அதிகம், உடம்பு சூடேறும் ஆனால் களைக்காது. பிரேக் இல்லாத, சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும் ஃபிக்ஸட் கியர் சைக்கிளையும் அப்படியே தூக்கி வைத்துவிடலாம். ஒருகாலத்தில் ரோலரே போட்டியாகவும் இருந்தது. 1950களில் பிரிட்டனில் அரங்குகளின் மேடையில் ரோலர்களை வரிசையாகப் போட்டு, யார் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதை ஒரு பெரிய முகப்பில் முள் காட்ட, ஜனங்கள் கத்திக்கொண்டு பார்த்தார்கள். கோல்ட்ஸ்பிரின்ட் என்ற பெயரில் அதன் வாரிசு இன்றும் நடக்கிறது. அந்தப் போட்டிகள் பலவற்றில் முன் சக்கரத்தைத் தாங்கும் கவட்டையைப் பூட்டிவிடுவார்கள், விழும் கவலை இல்லை. பயணத்தில் கொண்டுபோக வசதியான ஃபீட்பேக் ஸ்போர்ட்ஸ் ஆம்னியமும் அந்த வகைதான்: முன் சக்கரத்தைக் கழற்றிக் கவட்டையைப் பொருத்திவிட்டால் பின் சக்கரம் மட்டும் இரண்டு சிறு உருளைகளில் ஓடும். வார்ம்-அப்புக்கு அது அருமை. ஆனால் சமநிலைப் பயிற்சி அதில் கிடையாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மின்விசிறி கட்டாயம், முகத்துக்கு நேராக. அறைக்குள் எதிர்க்காற்று இல்லாததால் வியர்வை ஆறாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். அது நேராக விழும் இடம் ஹேண்டில்பார் தண்டின் போல்ட்டும், அது திரும்ப உதவும் ஹெட்செட் என்ற பேரிங்கும். துண்டு போடாமல் விட்டால் உப்பு அரித்துவிடும். டயர் வழவழப்பானதாக இருக்க வேண்டும். முண்டு முண்டான டயர் போட்டால் வீடே அதிரும். சத்தம் டிரெய்னரைவிடக் கீழ்சுருதி, அறைக்குள் தொந்தரவாகத் தெரியாது, ஆனால் தரை வழியாகப் போகும். கீழ் வீட்டுக்காரர் ஒரு நாள் மாடிப்படியில் நிறுத்தி, "ராத்திரில ஏதாவது மோட்டார் போடுறீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றை அடியில் போட்ட பிறகு கேட்கவில்லை. காற்று வறண்ட நாட்களில் பெல்ட்டும் டயரும் ஓடி ஓடி மின்னேற்றம் சேரும். இறங்கும்போது கதவின் உலோகக் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்று ஒரு கடி. சீட் வலியைப் பொறுத்தவரை கலவையான அனுபவம்தான். சைக்கிள் அடியில் இயல்பாக அசைவதால் டிரெய்னரில் வரும் மரத்துப்போதல் இதில் குறைவு, ஆனால் எழுந்து நின்று ஆற்றிக்கொள்ள முடியாது என்பதால் நீண்ட நேரத்தில் கணக்கு சமனாகிவிடுகிறது.

ஃபிரேமை எதுவும் கவ்வுவதில்லை என்பதால் கார்பன் சைக்கிள்காரர்கள் கவலைப்பட வேண்டாம். ஆக்ஸில் வகை, கியர் எண்ணிக்கை என்று எதற்கும் தனி உதிரிபாகம் தேட வேண்டியதில்லை. எடுத்து வைத்து ஏற வேண்டியதுதான். ஸ்விஃப்ட் மாதிரிச் செயலிகளின் திரைச் சாலைகளில் ஓட்ட விரும்பினால், பவர் மீட்டரோ வேக சென்சாரோ இருந்தால் வழி உண்டு. எலைட் நீரோ போன்ற ஸ்மார்ட் ரோலர்கள் தடையையும் தானே மாற்றும். எனக்கு ஒத்துவரவில்லை. திரையில் சாலை வளைந்ததும் உடம்பு தன்னை அறியாமல் சாய்கிறது, டயர் டேப்பில் ஏறி நிற்கிறது.

என்னிடம் இருப்பது அலுமினிய உருளை, இரண்டாக மடியும் சட்டம். கம்பெனி பெயர் வேண்டாம், குறை சொல்லப்போகிறேன். பெல்ட் தொய்ந்து, வேகத்தை மாற்றும்போது வழுக்க ஆரம்பித்தது. முன் சக்கரம் ஒரு கணம் பின்தங்கும் அந்த உணர்வு நெஞ்சைக் கவ்வும். மாற்றுப் பெல்ட் கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வர நெடுநாள் ஆனது, வந்த பெல்ட்டும் வேறு மாடலுக்கானது. கடைசியில் வளையும் பிளாஸ்டிக் பெல்ட்டை அளந்து வெட்டி, சூடாக்கி ஒட்டிக்கொண்டேன், நன்றாகவே ஓடுகிறது. சட்டத்தின் மடிப்பு இருக்கும் இடத்தில் ஒரு கிறீச் சத்தம், வாஷர் போட்டும் போகவில்லை. மற்றபடி பேரிங் உட்பட எல்லாம் திடமாக இருக்கிறது. உருளை மாதிரி எளிமையான பொருளில் கெட்டுப்போக அதிகம் இல்லை.

அதனால் பழையது கிடைத்தால் தாராளமாக வாங்கலாம் என்பேன். பார்க்கப் போகும்போது பெல்ட்டைக் கழற்றச் சொல்லி ஒவ்வொரு உருளையையும் கையால் சுற்றிவிடுங்கள். கரகரப்பு இருந்தால் பேரிங் போயிருக்கிறது, அது மாற்றக்கூடியதுதான், விலையைக் குறைத்துக் கேட்கக் காரணம் ஆச்சு. சுற்றும்போது உருளையின் மேல் ஒரு பேனாவைத் தொட்டும் தொடாமலும் பிடியுங்கள். பேனா துள்ளினால் உருளை வட்டம் தவறியிருக்கிறது. அதைச் சரிசெய்ய வழியில்லை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.